தூக்கிக்கொண்டு இறங்கியவன்

செல்போனைக் கவிழ்த்து வைத்தால் அது அடிக்காது என்று நம்புகிறவன்போல, ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான் கிளாட்வின். எப்படியும் அடிக்கும். தூத்துக்குடியில் இந்நேரம் இருட்டியிருக்கும். இந்த வார அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். தெருப் பெண்களெல்லாம் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது முடிந்த கையோடு, கேசரியைக் கிண்ணத்தில் எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே அம்மா போனை எடுத்துவிடுவாள். எல்லாரும் பாக்கணும்ங்காவல, அந்த அம்மா முகத்த ஒரு தடவ காட்டுனாப் போதும் என்று நேற்றே சொல்லிவிட்டாள். இங்கே, சிலியில், கொன்செப்சியோன் நகரத்தில், சனிக்கிழமைக் காலை. நான்காவது மாடிச் சன்னலில் சூடில்லாத ஒரு வெயில். எதிரே, அவன் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் இர்மாம்மா பால்தாவை முள்கரண்டியால் மசித்துக்கொண்டிருக்கிறார். பால்தா என்றால் வெண்ணெய்ப்பழம், ஊரில் அதைச் சீனி போட்டு ஜூஸாகத்தான் குடித்திருக்கிறான், இங்கே உப்புப் போட்டு ரொட்டியில் தடவுகிறார்கள், முதல் வாரம் உமட்டியது, இப்போது அது இல்லாமல் ரொட்டி தொண்டையில் இறங்குவதில்லை. இர்மாம்மாவின் மகள் பாவோலா அடுப்பில் முட்டை கிண்டுகிறாள். கீழ்வீட்டு எர்னான் வந்திருக்கிறார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மீசையைத் துடைத்துத் துடைத்துத் தேநீர் குடிக்கிறவர், அவர் வந்திருப்பதுதான் தொந்தரவு, ஏனென்றால் அவர் இன்னும் அந்தக் கதையைக் கேட்கவில்லை. கேட்காத ஒருவர் வந்தால் இர்மாம்மா சொல்லாமல் விடமாட்டார்.

தேநீரில் கொஞ்சம் பால் கேட்கலாமா. கேட்டால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு எடுத்துத் தருவார்கள், அவன் எதைக் கேட்டாலும் எடுத்துத் தருகிறார்கள், அதுதான் இப்போது தாங்க முடியாததாக இருக்கிறது. வந்த அன்றே அப்படித்தான். காலேஜிலிருந்து ஒரு செமஸ்டருக்கு மாணவர் பரிமாற்றம் என்று அனுப்பினார்கள், பஸ் ஸ்டாண்டில் இர்மாம்மா ஒரு அட்டையில் அவன் குடும்பப் பெயரை, மிராந்தா என்று எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்போது இடுப்பில் ஆபரேஷன் ஆகவில்லை, கம்பீரமாக நின்றார். அவனைக் கண்டதும் அட்டையைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். எங்க அம்மா வழியில எல்லாரும் மிராந்தாதான், அப்படின்னா நீ எனக்குப் பிரிமோ என்றார். சித்தப்பா மகன், பெரியப்பா மகன், மாமா மகன், அத்தை மகன் எல்லாருக்கும் சேர்த்து இவர்களிடம் அந்த ஒரே சொல்தான், பிரிமோ. அவன் சொல்லியிருக்க வேண்டும், எங்கள் தெருவில் பாதிப்பேர் மிராந்தா, மீதிப்பேர் பர்னாந்தும் மச்சாதும், அந்தக் காலத்தில் கப்பலில் வந்த போர்த்துக்கீசியச் சாமியார்கள் ஞானஸ்நானம் கொடுத்து வைத்துவிட்டுப் போன பெயர், ரத்தச் சொந்தம் ஒன்றுமில்லை என்று. அவ்வளவு ஸ்பானிஷ் அவனிடம் இல்லை. ஸீ என்றான். ஆமாம். அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டே முதல் மாதத்தை ஓட்டினான். வகுப்பில் ஸீ, கடையில் ஸீ, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கிழவி ஏதோ நீளமாகச் சொல்லி அழுதபோதும் ஸீ ஸீ என்று தலையாட்டினான், அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள், என்ன சொன்னாள் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் அது வேறு. அப்போது உண்மையாகவே புரியவில்லை. புரியாமல் இருந்ததில் ஒரு சுத்தம் இருந்தது.

"உங்களுக்குச் சொன்னேனா எர்னான், செவ்வாய்க்கிழமை நம்ம பிரிமோ என்ன பண்ணினான்னு?" ஆரம்பித்துவிட்டார். கிளாட்வின் ரொட்டியைப் பிய்த்தான். பாவோலா அடுப்படியிலிருந்தே சிரிக்கிறாள், அவளுக்கு இது எத்தனையாவது தடவையோ. இர்மாம்மா கதை சொல்வதைப் பார்க்க நன்றாக இருக்கும், கை பேசும், புருவம் பேசும், விளக்கு ஆடியதைக் காட்ட முள்கரண்டியை ஆட்டுகிறார், அவன் ஓடியதைக் காட்ட இரண்டு விரலை மேசையில் ஓடவிடுகிறார், விரல்கள் சீனி டப்பாவைத் தாண்டி, எர்னானின் கோப்பையைத் தாண்டி, மேசை விளிம்பிலிருந்து குதிக்கின்றன. வெறுங்காலோட! நாலு மாடி! கீழ போய்ப் பார்த்தா அங்க ஒருத்தரும் இல்ல! எர்னான் வாயில் இருந்த தேநீரைக் கஷ்டப்பட்டு விழுங்குகிறார். "செவ்வாய்க்கிழமையா? அது தெம்ப்லோரே இல்லையே, யாரோ மாடியில பீரோவ நகத்தினாங்கன்னு நெனச்சேன்." நில அதிர்வுக்கு இவர்களிடம் இரண்டு சொல், சின்னது தெம்ப்லோர், பெரியதற்கு வேறு, பெரியதைப் பார்த்தவர்கள் சின்னதற்குக் கோப்பையைக்கூடக் கீழே வைப்பதில்லை. அதிர்ந்தால் ஓடக்கூடாதாம், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டுமாம், ஓடுகிறவன்தான் படியில் விழுந்து சாவானாம், அதை முதல் நாளே கல்லூரியில் படம் போட்டுச் சொன்னார்களாம். அவன் அதற்கும் ஸீ சொல்லியிருப்பான். இப்போது கதை அந்த இடத்துக்கு வருகிறது, வரும், வந்துவிட்டது, இர்மாம்மாவின் குரல் தாழ்கிறது, கை அவன் தோள்பக்கம் நீள்கிறது. "நான் கூப்பிட்டேன், கூப்பிட்டேன். பாவம், பிள்ளைக்குப் புரியல. இன்னும் மொழி வரல இல்லையா." பாவம் என்கிறார். அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் தோளைத் தொடுகிறார். எர்னானும் தலையாட்டி, பாவம், வந்து எத்தனை மாசமாச்சு, கொஞ்சம்தானே என்கிறார். கிளாட்வின் சிரித்தான். இந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது இந்த வாரத்தில் பழகிவிட்டது.

புரிந்தது. மேசையில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது, புரிந்தது. எஸ்பெராமே என்று கூப்பிட்டார். எனக்காக நில்லு. இந்த மொழியில் அவன் புத்தகத்தைப் பார்க்காமல் கற்றுக்கொண்ட முதல் சொற்களில் அது ஒன்று, இர்மாம்மாவிடமிருந்தே கற்றுக்கொண்டது, ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து அவர் நாள் முழுக்கச் சொல்லும் சொல் அதுதான், லிஃப்ட் வாசலில் எஸ்பெராமே, சந்தையில் எஸ்பெராமே, வாக்கரை ஒரு அடி நகர்த்தி ஒரு அடி வைத்து, எஸ்பெராமே பிரிமோ, உன் கால் இளங்கால். அவன் நிற்பான். சந்தோஷமாக நிற்பான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். இர்மாம்மா சன்னலோர நாற்காலியில் கோப்பையோடு. வாக்கரை அவன்தான் எட்ட வைத்தான், சுவிட்ச் போர்டு அதற்குப் பின்னால் இருந்தது, போனில் சார்ஜ் இல்லை, வாக்கரை இழுத்து மூலையில் விட்டுவிட்டு போனைச் சொருகினான், அவ்வளவுதான் செய்தான், அதில் தப்பில்லை. முதலில் லாரி என்று நினைத்தான். பிறகு அலமாரி டிராயருக்குள் கரண்டிகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன, பிறகு சுவர் உறுமியது, தரை தூக்கியது, வள்ளத்தில் ஏறி நின்று பழகினவன்தான், அலை தூக்கினால் முழங்காலை எப்படி விட வேண்டும் என்று தெரிந்தவன்தான், ஆனால் கடல் அசையலாம், வீடு எப்படி அசையும். உடம்பு அவனைக் கேட்கவில்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான், உடம்பு கேட்கவில்லை, உடம்புதான் ஓடியது. அப்படியானால் போன்? போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினானே. வாக்கருக்குப் பின்னால் இருந்த போனை. வாக்கரின் கம்பியைத் தாண்டித்தான் கை போயிருக்கிறது, அந்தக் கம்பி மணிக்கட்டில் உரசிய குளிர்ச்சிகூட ஞாபகம் இருக்கிறது. அதை ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் இர்மாம்மாவின் கைக்குப் போயிருக்கும். உடம்புக்கு போன் எதற்கு.

கீழே முற்றத்தில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு போனார், நாய்தான் அவனைப் பார்த்துக் குரைத்தது. வேறு யாரும் இறங்கவில்லை. சிமெண்டுத் தரையின் ஈரம் உள்ளங்காலில் ஏறியது, கையில் போன், போனிலிருந்து சார்ஜர் ஒயர் முழங்கால்வரை தொங்கியது. துணி காயப்போடுகிறவள் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, என்ன தம்பி என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். அவன் வானத்தைப் பார்த்தான். மேலே போக வேண்டும் என்று தெரிந்தது. இப்போது போனால்கூடப் போதும் என்று தெரிந்தது. ஆனால் எந்த முகத்தோடு போவது என்பதை யோசிக்கத் தொடங்கிவிட்டான், யோசித்தால் கால் நகராது, கொஞ்சம் கழித்துப் போகலாம், இன்னும் கொஞ்சம் கழித்து, ஒவ்வொரு கொஞ்சமும் முந்தினதைவிடப் போவதைக் கஷ்டமாக்கியது, கடைசியில் பாவோலா காய்கறிப் பையோடு வந்து அவனைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, வா வா என்று கையைப் பிடித்து மேலே அழைத்துக்கொண்டு போனாள். பயந்ததைவிட, ஓடியதைவிட, அங்கே நின்றதுதான் உறுத்துகிறது. ஓடியது ஒரு நொடி. நின்றது அவ்வளவு நேரம். இர்மாம்மா அதே நாற்காலியில் இருந்தார். கோப்பை தரையில் உடைந்து கிடந்தது, பாவாடையில் தேநீர் கொட்டிப் பெரிய கறை. இரண்டு கையும் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தன. அவனைப் பார்த்ததும் கையை விட்டார், சிரித்தார். "பயம் போயிடுச்சா பிரிமோ?" என்றார். மகளிடம் திரும்பி, "நான் என்னமோ கத்தினேன், பாவம், அவனுக்குப் புரியல," என்றார். அவனிடம், "புரியலதானே?" என்றார். நோ எந்தெந்தீ என்றான் கிளாட்வின். புரியவில்லை. இறந்தகாலம் அவனுக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும், டீச்சர் சிவப்பு மையால் சுழிப்பாள், அன்றைக்கு ஒரு பிசகு இல்லாமல் வந்தது.

அம்மாவிடமும் அப்படித்தான். அன்று ராத்திரியே கூப்பிட்டுவிட்டாள், வாட்சப்பில் யாரோ செய்தி அனுப்பியிருக்கிறார்கள், சிலியில் நிலநடுக்கம் என்று. அழுதுகொண்டே பேசினாள். "நீ நல்லா இருக்கியால? ஒனக்கு ஒண்ணும் ஆவலயே? அந்த நடக்க முடியாத அம்மா என்னல ஆனாவ? தூக்கிட்டு ஓடினியால?" அவன் ஆமாம்மா என்றான். ஒரு சொல். அவனாக எதையும் சோடிக்கவில்லை, இர்மாம்மா ஒரு பொய்யைத் தைத்து நீட்டினார், அம்மா ஒரு பொய்யைத் தைத்து நீட்டினாள், அவன் கையை மட்டும் நுழைத்தான். அந்த ஆமாம்மாவை அவள் என்னவெல்லாம் ஆக்கிவிட்டாள். நாலு மாடி, முதுகுல சுமந்துட்டு இறங்கியிருக்கான் என்று கொரேரா வீட்டு அக்காவிடம் சொல்லி, அவள் அன்பியத்துப் பெண்களிடம் சொல்லி, வெள்ளிக்கிழமைப் பூசையில் பங்குச்சாமி, நம்ம பங்குப் பிள்ளை ஒருவர் அந்நிய நாட்டில் என்று ஆரம்பித்துவிட்டாராம். அப்பா ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர், அவருக்குப் பேச்சே வராது, அவர்கூட போனை வாங்கி, நல்ல காரியம் செஞ்சடே என்றார். அப்பா அப்படி ஒரு வாக்கியம் அவனிடம் இதற்குமுன் சொன்னதில்லை. அதை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு நாளாகத் தூக்கிக்கொண்டு அலைகிறான். இன்றைக்கு அம்மா கூப்பிடும்போது நெட் சரியில்லை என்று சொல்லலாம். தலைவலி என்று அறைக்குள் போய்விடலாம். இர்மாம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லலாம், சொன்னால் அதற்கும் ஒரு செபமாலை சொல்வார்கள். இல்லை, இதெல்லாம் எதற்கு? அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது, இர்மாம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இருப்பது நான் மட்டும்தான். இவர் சொல்வதை அங்கே மாற்றிச் சொல்லலாம், அங்கே சொல்வதை இங்கே மாற்றிச் சொல்லலாம், உலகத்தில் ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. அப்படி நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்துத்தான் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

போன் அடித்தது. ரொட்டிக் கூடை அதிர்ந்தது, எர்னான் கூடையைப் பிடித்துக்கொண்டு தெம்ப்லோர் தெம்ப்லோர் என்று கத்த, எல்லாரும் சிரித்தார்கள். திரையில் அம்மாவின் நெற்றி, பிறகு மின்விசிறி, பிறகு முழு முகம், பின்னால் பாயில் பெண்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்க்கிறார்கள், கொரேரா வீட்டு அக்கா கையை ஆட்டுகிறாள். "எங்கல அந்த அம்மா? காட்டுல." காட்டினான். இர்மாம்மா தலைமயிரைச் சரிசெய்துகொண்டு, ஓலா ஓலா என்று திரை முழுக்கச் சிரித்தார். அம்மா கும்பிட்டாள். பிறகு மேடையில் பேசுகிறவள்போலக் குரலை உயர்த்தி, "அம்மா, எம்புள்ள ஒங்களத் தூக்கிட்டு எறங்குனான்னு கேட்டதும் எங்க எல்லாருக்கும் அழுகையே வந்துட்டு. ஒங்களுக்கு எங்கயும் அடிகிடி படலயே? அவன ஒங்க புள்ளையா நெனச்சுக்கிடுங்கம்மா," என்றாள். "சொல்லுல, அப்படியே சொல்லு." இர்மாம்மா அவன் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க பிரிமோ?" மீ மாமா தீஸே என்று ஆரம்பித்தான், என் அம்மா சொல்கிறாள். சொல்கிறாள். வணக்கம் சொல்கிறாள் என்று முடித்துவிடலாம். நன்றி சொல்கிறாள் என்று முடித்துவிடலாம், அது பொய்கூட இல்லை. பாவோலா முட்டைச் சட்டியோடு வந்து நிற்கிறாள், இர்மாம்மாவின் விரலில் பால்தாவின் பச்சை ஒட்டியிருக்கிறது, அந்த இரண்டு விரல்தான் மேசையிலிருந்து குதித்தது. "என் அம்மா நம்புகிறாள்," என்றான், "நான் உங்களைத் தூக்கினேன். படியில். நான் அவளிடம் சொன்னேன், ஆமாம் என்று." இர்மாம்மா சிரிக்க வாயெடுத்தார். அவன் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவர் சிரித்துவிடுவார், எல்லாம் பழையபடி வேடிக்கையாகிவிடும். "எனக்குப் புரிந்தது. எஸ்பெராமே. அன்றைக்கு. எனக்குப் புரிந்தது."

எர்னான் கோப்பைக்குள் பார்த்தார். இர்மாம்மாவின் முகத்தில் சிரிப்புக்காகத் திறந்த வாய் மூட மறந்துபோய் அப்படியே இருந்தது, அந்த முகத்தில் இதுவரை அவன் வயதைப் பார்த்ததில்லை. போனுக்குள்ளிருந்து அம்மா, "என்னல சொல்லுதாவ? ஏன் மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு? அடிபட்டுட்டோ?" என்றாள். "அம்மா, நான் தூக்கல." "என்னது? கேக்கல, கொஞ்சம் சத்தமாப் பேசு." சத்தமாகப் பேசச் சொல்கிறாள். அத்தனை பேர் இருக்கும் அறையில். "நான் அவங்களத் தூக்கலம்மா. விட்டுட்டு ஓடிட்டேன். கூப்பிட்டாங்க. காதுல விழுந்துச்சு. ஓடிட்டேன்." யாரோ ஒரு பெண் சேசுவே என்றாள். பிறகு திரை ஆடியது, சுவர், காலண்டர், கதவு நிலை, இருட்டு, அம்மா எழுந்து பின்வாசலுக்கு வந்துவிட்டாள், துவைகல்லுக்கு மேலே எரியும் குண்டு பல்பின் மஞ்சளில் பாதி முகம் தெரிந்தது. கத்துவாள் என்று நினைத்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். மூக்கை உறிஞ்சினாள். "இத்தன பேருக்கு முன்னால வச்சா சொல்லுவ," என்றாள் மெதுவாக. அப்புறம், "அந்த அம்மாகிட்ட போனக் குடு." "அவங்களுக்குத் தமிழ் தெரியாதும்மா, நான் சொல்லுதேன், நீ சொல்லு." "நீ சொல்ல வேண்டாம். குடு."

கொடுத்தான். இர்மாம்மா இரண்டு கையாலும் வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டார். அம்மா பேசினாள், அவள் வீட்டில் பேசுகிற அதே பேச்சில், நிறுத்தாமல். "நான் அவனக் குத்தம் சொல்லிக்கிடுவேன், ஆனா பிளேன் ஏத்தும்போது நாந்தாம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஏதும் ஒண்ணுன்னா யாரையும் பாக்காதல, நீ மொதல்ல வெளிய வந்துரு ராசான்னு. ஒரே புள்ள. அங்கயும் ஒரு அம்மா ஒக்காந்திருப்பாவன்னு எனக்குத் தோணல." ஏர்போர்ட்டில் அம்மா அப்படிச் சொன்னது அவனுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவள் மூச்சு வாங்குவதற்குள் இர்மாம்மா ஆரம்பித்துவிட்டார், திரையில் தெரிகிற அந்தப் பாதி முகத்தைக் கட்டைவிரலால் துடைத்தபடி, ஸ்பானிஷில், தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக. "வாசல்ல நின்னு அவன் என்னத் திரும்பிப் பார்த்தான், செஞோரா. அவனுக்குப் புரிஞ்சுதுன்னு எனக்கு அப்பவே தெரியும். புரியலன்னு நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். இல்லன்னா இந்த வீட்டுல அவன் எப்படிச் சாப்பிடுவான், எப்படித் தூங்குவான். ஆனா பயந்துட்டேன். சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றேனே, அவ்வளவும் பயம். அவன் போனப்புறம் இந்த வீட்டுல சத்தமே இல்ல." அம்மா, ஆமா, ஆமா என்றாள். பிறகு அவள் பேசினாள், பிறகு இவர் பேசினார், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பேசினார்கள், இர்மாம்மாவின் கண்ணிலிருந்து வழிந்ததை பாவோலா நாப்கினால் துடைக்க வந்தபோது முழங்கையால் அவளைத் தள்ளிவிட்டார். கிளாட்வின் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்துப் புரிந்துகொண்டது அந்த வீட்டில் அவன் ஒருவன்தான். என்ன சொல்கிறார்கள் என்று அவனிடம் இரண்டு பேரும் கேட்கவில்லை.